கோப்பைக்குள் ஒரு ஜன்னல்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் கூட்டமெல்லாம் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் முன்னால்தான் முண்டியடிக்கிறது. உணவு மேசைகளையும் கோப்பைகளையும் வரைந்தவர்களின் பக்கம் இடித்துத் தள்ள ஆளில்லை. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

பீட்டர் கிளாஸ் 1627இல் வரைந்த விருந்து மேசை. சுட்ட பண்டத்தின் மேல் வான்கோழியையே இறகோடு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். நாட்டிலஸ் சங்கில் செய்த கோப்பை, சீனப் பீங்கான், சிப்பிகள், பாதி உரித்த எலுமிச்சை. ஓரத்தில், அச்சடித்த தாளைச் சுருட்டிய கூம்பில் மிளகு! நம் ஊர்க் கடலைப் பொட்டலமேதான். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றி வந்த சரக்கு அது. மேசை முழுக்க வணிகத்தின் பெருமிதம்.

இந்த எலுமிச்சைக்குப் பலரும் சொல்லும் விளக்கம்: பார்வைக்கு அழகு, வாயில் புளிப்பு, ஆகவே உலக இன்பமும் அப்படியே. இருக்கலாம். ஆனால் சிப்பிக்கு எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறவர்கள் மேசையில் வேறு எதை வைப்பார்கள்?

வில்லெம் ஹேடாவின் 1635ஆம் ஆண்டு ஓவியத்தின் முன் வந்தபோது விளக்கமெல்லாம் மறந்துபோனது. சாம்பலும் பச்சையும் பழுப்பும் தவிர அதில் நிறமே இல்லை என்று சொல்லிவிடலாம். வெள்ளித் தட்டம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. ரோமர் எனப்படும் பச்சைக் கண்ணாடிக் கோப்பையில் ஒரு ஜன்னல் தெரிகிறது. ஓவியத்தில் ஜன்னல் கிடையாது. இடப்பக்கம், சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது. கண்ணாடியின் வளைவுக்கேற்ப அதன் கட்டங்களும் வளைந்திருக்கின்றன. அதே வெளிச்சம் வெள்ளியில் கூர்மையாகவும் வெள்ளீயத்தில் மங்கலாகவும் விழுகிறது.

பிறகு ரயிலேறி ஹேக் நகரின் மொரித்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கிளாஸின் 1630ஆம் ஆண்டு ஓவியம்: மண்டை ஓடு, கைக்கடக்கமான கடிகாரம், கவிழ்ந்த கோப்பை, அணைந்துகொண்டிருக்கும் திரி. இங்கே குறியீட்டை யாரும் தேட வேண்டியதில்லை. மண்டை ஓடே பேசிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, எனக்கு ஹேடாவின் மேசை அளவுக்கு இது ஒட்டவில்லை.

இன்னொன்றும் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது: ஆட்ரியன் கோர்ட்டே 1697இல் வரைந்த, ஆஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் கட்டு. ஒரு சாண் உயரத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். கறுப்புப் பின்னணி, கல் விளிம்பு, வெளுத்த தண்டுகள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்டுகளுக்குள் வெளிச்சம் ஊடுருவிப் போகிறது. ரைக்ஸ் மியூசியத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே, கால் வலிக்கத் தொடங்கும் முன், இதைப் பார்த்துவிடுங்கள்.