கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வைரஸ்

"ஏய், ஹெச்ஐவி செல்ல உடைச்சிக்கினு தானடி வெளிய வருது?" ராயபுரம் டீக்கடையில் ஒரு நர்சிங் மாணவி.

இல்லைம்மா. செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டாகப் பிதுங்கி வருகிறது.

வைரஸின் உடலைக் கட்டும் காக் (Gag) புரதங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து சவ்வை வெளியே தள்ளும். மொட்டைச் செல்லோடு இணைக்கும் கடைசிக் கழுத்தை அறுக்க மட்டும் வைரஸிடம் கருவி கிடையாது.

காக்கின் வால்முனையில் நாலே அமினோ அமிலம்: புரோலின், திரியோனின், அலனின், புரோலின். செல்லின் டிஎஸ்ஜி101 புரதத்தைப் பிடிப்பது அதுதான். பக்கத்துத் துண்டு, செல்லின் இன்னொரு புரதமான அலிக்ஸைப் பிடிக்கும். இவை வரவழைக்கும் எஸ்கார்ட்-3 (ESCRT-III) என்ற செல்லின் சொந்தப் புரத இழைகள் கழுத்தைச் சுருக்கி அறுக்கும்.

அந்த நாலு கெட்டால்? வைரஸ்கள் பல, கழுத்து அறுபடாமல் சவ்விலேயே தொங்கும்.

ஆனால் செல் இரண்டாகும்போது கடைசி இணைப்பை அறுப்பதும் இதே எஸ்கார்ட்-3. அதை மருந்தால் முடக்கினால் நம் செல்லுக்கே கேடு. காக்–டிஎஸ்ஜி101 பிடியை மட்டும் விடுவிக்கும் மருந்தைத் தேடுவதே சரியென்பேன்.