பதினோராம் மணி

“பதினோரு மணிக்கே வந்துட்டானே, அவனை ஏன் கடைசியா வந்தவன்னு சொல்றாங்க?”

இன்று யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பைபிளில் மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள்: வேலைக்காகக் கடைத்தெருவில் நின்றவர்களைத் தோட்டத்து முதலாளி காலை முதல் பதினோராம் மணி வரை அழைத்து, எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்ததாக இயேசு சொன்ன உவமை. கேட்டது பள்ளிக்கூடப் பையன். வெளியே பர்மியம், வீட்டில் பாதித் தமிழ்.

சரியான கேள்விதான். அந்தக் காலத்து யூதர்கள் பகலைச் சூரிய உதயத்திலிருந்து 12 மணியாக எண்ணினார்கள். பதினோராம் மணி என்றால் நமக்கு மாலை 5 என்றேன். அப்புறம் வழக்கமான வாக்குவாதம். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாள் கூலியா? கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவனுக்கும் கிடைக்கும் இரட்சிப்பு என்றார் ஒருவர். பிறகு வந்து சேர்ந்த புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள் என்றார் இன்னொருவர்.

மூலையில் மொஹிங்காவில், அந்தப் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸில், எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த பாட்டி நிமிரவே இல்லை. “அஞ்சு மணி வரைக்கும் ஏன் நின்னானாம்? அதைப் படிங்கப்பா.”

ஏழாம் வசனம். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.’

பாட்டியின் அப்பா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரி கூப்பிடாத நாட்களில் அம்மா வெறும் தண்ணீரை அடுப்பில் கொதிக்கவிடுவாராம், பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று.

இந்த உவமையை எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். எப்போதும் காலையிலேயே வேலை கிடைத்தவன் பக்கம் நின்றுதான். கடைத்தெருவில் நின்றவனுக்கு அன்றைய பகல் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.