மூக்குப்பொடிக் குழி

ஏப்ரல் 20, 2025

கையில் கட்டு போட்டு 33ஆம் நாள். உள்ளே அரிக்கிறது. அம்மா துடைப்பக் குச்சி ஒன்றை நுனி சீவிக் கொடுத்தாள். எதையும் உள்ளே விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாங்கி, ஜன்னலில் வைத்துவிட்டேன்.

அந்தப் பந்தைக் குத்தித் தள்ளியிருக்கலாம். பிடிக்கப் போனேன்.

ஏப்ரல் 22

ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

கட்டை விரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டு தொடங்கும் இடத்தில், ஒரு குழி விழும். தாத்தா அந்தக் குழியில்தான் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சுவார். டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரும் அதுதானாம், ஸ்னஃப்பாக்ஸ். மூக்குப்பொடி டப்பா. அதற்கு நேர் கீழே ஒரு எலும்பு இருக்கிறது. ஸ்கேஃபாய்டு. படகு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். முந்திரிப்பருப்பு அளவுதான். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு உடைகிற எலும்பு, அதனால் என்னைப் போன்ற கால்பந்து கீப்பர்களுக்கு உடைகிற எலும்பு.

மற்ற எலும்பு உடைந்தால் சேர்ந்துவிடும். இது சேராமல் அடம் பிடிக்கும். காரணம் ரத்தம். விரல் பக்கமிருந்து உள்ளே போய், திரும்பி மணிக்கட்டு பக்கம் வருகிறது ரத்தக்குழாய். நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் போகாமல் அது பட்டினி கிடக்கும். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போவதும் உண்டு. அதனால் அந்தக் குழியில் அழுத்திப் பார்க்க வேண்டும். வலித்தால் கட்டு போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.

எனக்கு அப்படி நடக்கவில்லை. ஜனவரியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு என்றார்கள். குழியில் அழுத்தி யாரும் கேட்கவில்லை என்றுதான் அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

டேப் சுற்றிக்கொண்டு ஆறு மேட்ச் ஆடினேன். மார்ச்சில் திறந்து பார்த்தபோது இரண்டு துண்டும் சேராமல் ஆடிக்கொண்டிருந்ததாம். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நடுவில் வைத்து ஒரு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். நடக்கும்போது கையைவிட இடுப்புதான் வலிக்கிறது.

ஏப்ரல் 27

ஏன் ஆடினாய், ஏன் ஆடினாய் என்று அக்கா மறுபடி ஆரம்பித்தாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்ட்ரைக்கர் ஒருவன் சரியில்லை என்றால் இரண்டாவது பாதியில் அரை மணி நேரம் இன்னொருவனுக்குக் கிடைக்கும். டிஃபெண்டரை இடது பக்கம் மாற்றிப் போடுவார்கள். கீப்பருக்கு அந்தப் பேச்சே இல்லை. மூன்று பேர் சம்பளம் வாங்குவோம், ஒருவன் ஆடுவான். அவன் நன்றாக ஆடினால் மற்ற இரண்டு பேரும் வருஷம் முழுக்க உட்கார வேண்டியதுதான். நான் மேல் லீக்கில் இரண்டு சீசன் மூன்றாவது கீப்பர். ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. ஆனால் தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் கிரவுண்டில் நிற்பேன். ஸ்ட்ரைக்கர்கள் ஷூட்டிங் பழக ஒரு ஆள் வேண்டும், அது நான். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது ஷாட். மேட்ச் அன்று வார்ம்-அப்பில் முதல் கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுப்பேன். அப்புறம் கோட் போட்டுக்கொண்டு கேலரியில் உட்காருவேன்.

பதினோரு வருஷம், ஏழு கிளப். மொத்தம் ஆடியது 71 மேட்ச். இந்த சீசனில்தான், 29 வயதில், முதல் கீப்பர் ஆனேன். எனக்குப் பின்னால் 20 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல பையன், நல்ல கை. நான் இரண்டு வாரம் வெளியே போனால் அவன் உள்ளே வருவான். வந்தால் போக மாட்டான். நானாக இருந்தாலும் போக மாட்டேன்.

மே 1

குடியாத்தத்தில் கரண்ட் இல்லை. மாடியில் படுத்தேன். கண்ணை மூடினால் கை உடைந்த அந்தக் கார்னர் வருகிறது. வெளிப்பக்கம் வளைந்து போகிற பந்து. முன்னால் நான்கு பேர். குத்தியிருக்கலாம்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். பிளாஸ்டருக்குள் வேர்வை வாடை. கை என்னுடையது மாதிரியே இல்லை.

மே 7

இரவு விழித்து இன்டர் - பார்சிலோனா பார்த்தேன். 4-3. இன்டர் கீப்பர் யான் சோமர். 36 வயது, உயரம் 1.83 மீட்டர். என்னைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. கோல் போஸ்டின் அகலம் 7.32, உயரம் 2.44, அது எல்லாருக்கும் ஒன்றுதான். பார்சிலோனாவின் யமால் உள்ளே வெட்டி வந்து தூர மூலைக்கு அடித்ததை விரல் நுனியால் தள்ளினாரே, அதைப் பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். அடிப்பதற்கு முன்பே சின்னதாக ஒரு எட்டு வைத்திருந்தார். அந்த ஒரு எட்டுதான்.

18 வயதில் ஒரு கோச் என்னை அளந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு இஞ்ச் இருந்திருக்கலாம் என்றார். அவரிடம் இந்த ஒரு எட்டைக் காட்ட வேண்டும்.

மே 13

வேலூர் போய் பிளாஸ்டர் பிரித்தார்கள். கை பாதியாகிவிட்டது. தோல் உரிகிறது, மயிர் கறுத்து அடர்ந்திருக்கிறது. கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொடுகிறது, சுண்டு விரல் வரை போகவில்லை. எலும்பு சேர்ந்ததா என்று ஜூனில் சி.டி. எடுத்தால்தான் தெரியும். அதுவரை ஸ்ப்ளின்ட்.

வரிசையில் பக்கத்தில் ஒரு பெரியவர், மகனோடு கொல்கத்தாவிலிருந்து வந்திருந்தார். ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில்தானே இருக்கிறது. நான் அங்கே மூன்று வருஷம் இருந்தவன், பேச்சு வரும். கைக்கு என்ன என்று கேட்டார். கோல்கீப்பர் என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தமிழா, அப்படியானால் தங்கராஜ் ஊரா என்றார்.

பீட்டர் தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத் என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்துதான் பெரிய ஆளானார் என்றும் சொன்னேன். முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர், கீப்பரானது அப்புறம். 1955லும் 1958லும் ரெஜிமென்ட் டியூரண்ட் கோப்பை வாங்கியபோது அவர்தான் கோலில். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனலில் இந்தியா தென் கொரியாவை 2-1 ஜெயித்தபோதும் அவர்தான். பெரியவர் சிறுவனாக மைதானத்தில் அவரைப் பார்த்தாராம். பந்தை ஒற்றைக் கையில் எடுப்பார் என்று தன் கையை விரித்துக் காட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார்.

எழுந்து போகும்போது என் ஸ்ப்ளின்ட்டை மெல்லத் தொட்டுவிட்டுப் போனார்.

மே 15

வைகாசி 1. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலை ஊர்வலம் வரும் நாள். விடியற்காலையிலிருந்து தெருவில் நிற்க இடமில்லை. ஊர்க்காரன் எங்கே இருந்தாலும் இன்றைக்கு வந்துவிடுவான். நான் பதினோரு வருஷத்தில் மூன்று தடவைதான் வந்திருக்கிறேன். தேங்காய் உடைகிற சத்தம் தெருமுனையில் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், இடது கையை. சிரசு எங்களைத் தாண்டும்போது என் வலது கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கோயிலில் சிரசை உடலோடு பொருத்திக் கண் திறந்தபோது நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதை இங்கே எழுத மாட்டேன்.

மே 19

தெரபி. மெழுகு மாதிரி ஒரு களிமண்ணைப் பிசையச் சொல்கிறார்கள். பத்து தடவை பிசைந்தால் வேர்க்கிறது.

தெரபி செய்கிறவர் பால் பிராண்ட் பற்றிச் சொன்னார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாருக்கும் பெயர் தெரியும், எனக்குக் கதை தெரியாது. கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்கார டாக்டர். 1946ல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் ஆஸ்பத்திரி பார்க்கப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். பலமே இருக்காது என்று நினைத்துக் கொடுத்த கை. அந்த ஆள் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அப்போதுதான் புரிந்ததாம், இந்தக் கையில் நல்ல தசை இருக்கிறது, இதைத் திருத்தலாம் என்று. முன்கையிலிருந்து நல்ல தசைநாணை எடுத்து விரலுக்குக் கொண்டுபோய்த் தைத்தார். மடங்கின விரல்கள் நிமிர்ந்தன. உலகத்திலேயே தொழுநோயாளிகளின் கைக்கு இப்படிச் செய்தது முதலில் இந்த வேலூரில்.

இன்னொன்றும் சொன்னார். விரல்களை அழிப்பது நோய் மட்டும் இல்லை, வலி தெரியாமல் போவதுதான் என்று கண்டுபிடித்ததும் பிராண்ட்தான். சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், சுடாது. காயத்தோடு வேலை செய்வார்கள், தெரியாது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும்.

பஸ்ஸில் வரும்போது பள்ளிகொண்டா வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வலி தெரிந்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் மாத்திரை போட்டு அதை நானே வாயடைத்தேன்.

மே 21

தூங்கவில்லை.

மே 24

அக்கா பையனுக்கு 12 வயது. கீப்பர் ஆக வேண்டுமாம். மாமா, டைவ் அடிக்கச் சொல்லிக்கொடு என்று நச்சரிக்கிறான். ஸ்கூல் கிரவுண்டில் ஒரு மணி நேரம் டைவே இல்லாமல் காலை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். பந்து எங்கே போகிறதோ அதோடு சேர்ந்து நகர வேண்டும், கோலின் நடுவும் பந்தும் உன் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அடிக்கிற நொடியில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். அவனுக்குச் சலிப்பு. அப்புறம் தானாகவே ஒரு டைவ் அடித்தான். கையை ஊன்றி விழுந்தான்.

நான் போட்ட சத்தத்தில் கிரவுண்டே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய் அவன் கட்டை விரலை விரித்து அந்தக் குழியில் அழுத்தினேன். "வலிக்குதாடா? உண்மையச் சொல்லு." "இல்ல மாமா." இன்னொரு தடவை அழுத்தினேன். "இல்ல மாமா, நிஜமா இல்ல." பயந்துவிட்டான். வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. பீமா ஹோட்டலில் பரோட்டா வாங்கிக்கொடுத்தேன்.

என் முதல் கையுறையை அவனிடம் காட்டினேன். அப்பா பேரணாம்பட்டு தோல் ஷாப்பிலிருந்து கொண்டுவந்தது, வேலைக்காரர்கள் போடுகிற தடித்த தோல் கையுறை. மழையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அப்பா போய் ஆறு வருஷம். அதன் உள்ளே இன்னும் தோல் வாடை இருக்கிறது.

மே 28

கத்திரி முடிந்தது. தெரபிக்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதிரில் உட்கார வைத்து முறத்தை என் மடியில் போட்டாள். இலையில் தூளைப் போட்டு உருட்டி, நூல் கட்டி, முனையை மடிக்க வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு 700 பீடி சுற்றுவாள். நாற்பது வருஷமாக. கட்டை விரல் நகம் ஒரு பக்கமாக வளைந்தே போய்விட்டது. நான் ஒரு மணி நேரத்தில் 12 சுற்றினேன். அம்மா ஒன்பதைப் பிரித்து, கம்பெனியில கழிச்சிடுவாங்கடா என்று மறுபடி சுற்றினாள். மூன்றைக் கட்டில் சேர்த்துக்கொண்டாள்.

கட்டை விரல் இன்றைக்குச் சுண்டு விரலைத் தொட்டது.

மே 29

ஏஜென்ட் பேசினார். பார்க்கலாம் என்றார்.

ஜூன் 1

நேற்றோடு கான்ட்ராக்ட் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு மெசேஜ்கூட இல்லை. 20 வயதுப் பையன் மட்டும், அண்ணா கை எப்படி இருக்கு என்று அனுப்பியிருந்தான்.

நள்ளிரவில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். பாரிஸ் 5, இன்டர் 0. அதே சோமர். மூன்று வாரத்துக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றவர். ஐந்திலும் அவர் தப்பு ஒன்றும் பெரிதாக இல்லை, முன்னால் எல்லாம் திறந்து கிடந்தது. ஐந்தாவது கோல் போனபிறகும் பந்தை எடுத்து நடுவுக்கு அனுப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா முழித்துக்கொண்டு, இன்னாடா ஆச்சு, கை வலிக்குதா என்றாள்.

ஜூன் 5

ஜூலை 1லிருந்து புது விதி. கீப்பர் 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃபரி கையைத் தூக்கி விரல் விட்டு எண்ணுவார். சுவரில் சாய்ந்து, பந்தை மார்போடு அணைத்து எட்டு வரை எண்ணிப் பழகுகிறேன். ஸ்ப்ளின்ட்டோடுதான்.

ஜூன் 10

ஹாங்காங்கில் இந்தியா 0-1. இஞ்சுரி டைமில் பெனால்டி. நம் கீப்பர் விஷால் கைத் உயரப் பந்துக்கு வெளியே வந்தார், குத்தினார், பந்தில் படாமல் அவர்கள் ஆள் மேல் பட்டது. இந்த சீசன் சிறந்த கீப்பருக்கான கோல்டன் க்ளவ் வாங்கியவர். போன் முழுக்கத் திட்டுகிறார்கள்.

நான் பிடிக்கப் போனேன். அவர் குத்தப் போனார்.

ஐந்து மாதமாகக் குத்தியிருக்கலாம், குத்தியிருக்கலாம் என்று படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிறேன். குத்தப் போயிருந்தால் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கலாம். வெளியே வரலாமா என்று முடிவெடுக்க ஒரு நொடிகூட இல்லை. வந்துவிட்டால் திரும்ப முடியாது. அவருக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். என்னை அவருக்குத் தெரியாது. அனுப்பவில்லை.

ஜூன் 13

சி.டி. எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை டாக்டர் பார்ப்பார்.

ஒன்றை எழுதிவிட வேண்டும். ஜனவரியில் கேட்டார்கள். எக்ஸ்ரே பார்த்தபிறகு, என் கட்டை விரலை விரித்து அந்தக் குழியில் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார்கள். உயிர் போனது. இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த 20 வயதுப் பையன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14

ஏஜென்ட் தானாகக் கூப்பிட்டார். ஒரு கிளப்பில் இரண்டாவது கீப்பர் வேண்டுமாம். சம்பளம் பழையதில் பாதி. ஜூலையில் கேம்ப். "கை ஓகேதானே? ஓகேன்னு சொல்லிடவா?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். "இப்பச் சொன்னா நல்லா இருக்கும் தம்பி." திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 15

அம்மாவிடம் சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 16

டோக்கன் 58. இப்போது 51 போகிறது. அம்மா எதிர் பெஞ்சில், சி.டி. கவரை மடியில் நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள். ஸ்ப்ளின்ட்டைக் கழற்றி, கட்டை விரலை விரித்து, குழியில் அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் வலிக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவேன். 52.