கழுவிக்கொண்டு வந்த கால்கள்

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்குத் திருகோணமலையில் நிற்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த முறைதான் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் இடம் கிடைத்தது. 1852இல் கட்டிய மரியன்னை பேராலயத்தின் நீல முகப்பை ஓட்டோவில் இருந்தபடியே பார்த்துக் கும்பிட்டதோடு சரி. பூசைக்குச் சித்தி என்னை இழுத்துப்போனது நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரத்தில் இருக்கும் தங்கள் சின்னக் கோயிலுக்கு. இயேசு கடைசி இராவுணவில் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்று சுவாமி, அதாவது பாதிரியார், பாதம் கழுவ இருத்தும் பன்னிரண்டு பேரில் இந்த வருடம் சித்தியும் ஒருவர்!

முன்பு இதற்கு ஆண்களைத்தான் தெரிவு செய்வார்கள். 2013இல் போப் பிரான்சிஸ் உரோமையில் இளைஞர் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார், அதில் இரண்டு பெண்கள், ஒருவர் முஸ்லிம். 2016 ஜனவரியில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியையே மாற்றிவிட்டார்கள். சித்திக்கு இந்தக் கதை எதுவும் தேவைப்படவில்லை, கவலையெல்லாம் குதிகால் வெடிப்பைப் பற்றித்தான். மத்தியானமே கிணற்றடியில் குந்தியிருந்து பொச்சால் உரஞ்சி, நகம் வெட்டி, தேங்காயெண்ணெயும் பூசியாயிற்று.

"ஏன் சித்தி, சுவாமி கழுவத்தானே போறார்?"

"அதுக்கு ஊத்தைக் காலோட போறதே?"

மற்றவர்களும் அப்படித்தான் வந்திருந்தார்கள் போல, வரிசையில் சவர்க்கார வாசம். கடைசிக் கதிரைக்கு உரிய ஐயா மட்டும் பிந்தி, கரைவலை இழுத்த கையோடு ஓடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கணுக்காலில் காய்ந்த மணல், விரலிடுக்கில் ஒரு மீன் செதில் மினுங்கியது. பதினொரு காலுக்கும் தெளிவாக இருந்த பேசின் தண்ணீர் அவரிடம் வந்துதான் கலங்கியது. சுவாமி இன்னொரு செம்பு ஊற்றினார், துவாயால் ஒற்றினார், குனிந்து முத்தமிட்டார். ஐயா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, குனிகிற சுவாமியை மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அதைத்தானே எடுக்கிறோம். இந்தக் கால் கழுவும் கதை வரும் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன், அன்றைக்குத்தான் சீடர் பேதுரு ஏன் தன் காலைக் கழுவ விடாமல் அப்படி அடம்பிடித்தார் என்று விளங்கியது. புழுதித் தெருவில் நடந்து வருகிறவனின் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் அடிமையின் வேலை, அதைக் குரு செய்யப் பார்த்துக்கொண்டு இருப்பது லேசா? இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் கால் இருந்தது, அதுவும் கழுவப்பட்டது. அவன் அப்பத் துண்டை வாங்கிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூசை முடிந்து பீடத்துத் துணிகளை உரிந்தெடுக்கும்போது பக்கக் கதவால் வெளியே வந்தேன். ஒரு அக்கா குழாயடியில் பன்னிரண்டு துவாயையும் தனியே அலசிக்கொண்டிருந்தார். பிழிய நானும் ஒரு முனையைப் பிடித்தேன். "தம்பி, மற்றப் பக்கம் முறுக்குங்கோ" என்றார், அவ்வளவுதான் பேச்சு.

நள்ளிரவு வரை, இயேசுவின் உடலென்று வணங்கும் அப்பமான நற்கருணைக்கு முன்னால் இருந்துவிட்டு மணலுக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வந்தோம். சித்தி கிணற்றடிக்குப் போய் இடது காலை மட்டும் கழுவினார். சுவாமி முத்தமிட்ட வலது காலில் தண்ணீர் படவிடாமல், மணலோடேயே உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

விடியற்காலையில் சித்தப்பா பாயை உதறும் சத்தமும் முணுமுணுப்பும் கேட்டது.