ரிவர் குறிப்புகள்: கடைசி பெட்

மார்ச் 4

டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் ஐந்தாவது பொதுச் சீட்டான (எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைப்பது) ரிவர் விழுந்துவிட்டால் வேறு சீட்டு வரப்போவதில்லை. ஃப்ளாப்பிலும் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) டர்னிலும் (நான்காவது) ‘அடுத்த சீட்டில் அடிக்கும்’ என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு. இங்கே கை (ஒருவருக்கு அமைந்த சீட்டுச் சேர்க்கை) ஜெயித்திருக்கும், இல்லை தோற்றிருக்கும். பெட் (பந்தயப் பணம்) வைக்கும் முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என்னைவிட மோசமான கைகள் போதுமான அளவு கால் செய்யுமா (அதே தொகையைப் போடுமா)? என்னைவிட நல்ல கை ஃபோல்ட் ஆகுமா (விலகிவிடுமா)? இரண்டும் இல்லையென்றால் செக், அதாவது பணம் போடாமல் விடுவது.

நடுத்தரக் கையை வைத்துக்கொண்டு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெட் வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. மோசமான கைகள் ஓடிவிடும். நல்ல கை மட்டும் நின்று பணத்தை வாங்கிக்கொள்ளும்.

மார்ச் 6

கணக்கு. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 100. நான் 100 வைக்கிறேன். கால் செய்தால் பாட் 300. எதிராளி 100 போட்டு அதைப் பிடிக்கப் பார்க்கிறார். மூன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. ஆகவே என் பெட்களில் மூன்றில் ஒரு பங்கு ப்ளஃப்பாக (மோசமான கையோடு மிரட்டிப் பார்ப்பது) இருந்தால், அவர் கால் செய்வதும் ஃபோல்ட் செய்வதும் ஒன்றுதான். 50 மட்டும் வைத்தால் நாலில் ஒன்று. பெட் சிறுத்தால் ப்ளஃப்பும் குறைய வேண்டும்.

மார்ச் 9

கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1944-இல் பொருளியலாளர் மோர்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரைச் சுருக்கி ஒரு மாதிரி இருக்கிறது. இருவருக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண், அதுதான் கை. முதல் ஆள் செக் அல்லது பெட். இரண்டாமவர் கால் அல்லது ஃபோல்ட். ரிவர்தானே இது! பாட் அளவுக்கு பெட் என்று வைத்து இன்று போட்டுப் பார்த்தேன். உச்சியிலுள்ள 2/9 பங்கு கைகளை பெட் வைக்க வேண்டும், அடிமட்டத்து 1/9 பங்கில் ப்ளஃப், நடுவிலுள்ள அத்தனையும் செக். அதே இரண்டுக்கு ஒன்று.

ப்ளஃப்புக்கு அடிமட்டத்துக் கை ஏன்? நடுத்தரக் கை செக் செய்தாலே சில சமயம் ஜெயிக்கும். அதை ஏன் வீணாக்க வேண்டும்? அடிமட்டத்துக் கைக்கு இழக்க ஒன்றுமில்லை. எத்தனை அழகான விடை!

மார்ச் 15

2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி, லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. மிஞ்சியவர்கள் கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபார்ஹாவும். மேசையில் இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, கடைசியாக ஆட்டின் (ஹார்ட்) 3. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-ம்: ஃப்ளஷ்ஷும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமையவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து சீட்டு) அமையவில்லை. ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணி, ஆட்டின் 9. மேசையின் பெரிய ஜோடி. மணிமேக்கர் ஆல்-இன், கையிருப்பு முழுவதும் பெட். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்து ஃபோல்ட்.

துணிச்சல் என்றே எல்லாரும் இதைப் புகழ்கிறார்கள். நான் கைதட்டுவது அந்த இஸ்பேட் ராஜாவுக்கு. அது மணிமேக்கரின் கையில் இருப்பதால் ஃபார்ஹாவிடம் ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. செக் செய்திருந்தால் ராஜா உயர்ந்த வெறுங்கை அநேகமாகத் தோற்கும். ப்ளஃப்புக்கு இதைவிடப் பொருத்தமான கை அமைவது கடினம்.

மார்ச் 16

இன்று ஃபார்ஹா பக்கம். அவ்வளவு பெரிய பெட்டுக்கு எதிரே ஜோடி 9 வெறும் ப்ளஃப் பிடிக்கும் கை. உண்மையான பெட்டை எதையும் அது வெல்லாது. அந்த இடத்தில் ஜோடி ஆறு இருந்தாலும் அதே நிலைதான். அவருடைய இஸ்பேட் ராணி இரண்டு பக்கமும் இழுக்கிறது: மணிமேக்கரிடம் இருக்கக்கூடிய ஃப்ளஷ்களையும் குறைக்கிறது, ஒற்றை இஸ்பேடோடு கோட்டைவிட்ட கைகளையும் குறைக்கிறது. அந்த ஃபோல்டைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.