ரோஜா இலையில் கத்தரி

குன்னூரில் மழை விட்ட இந்த வாரம் நான் தைக்கும் ஒட்டுப்போர்வை வேலை வேகமாக நகர்ந்தது. பழைய சுங்குடிச் சேலைச் சதுரங்களை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் காடாத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவதுதான் விரல் நோகும் வேலை. ஓரப்பட்டி பாக்கி, சிவப்பா, கறுப்பா? 2013இல் புவிசார் குறியீடு பெற்ற, நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் சிவப்பு கறுப்பு நூல் பூத்தையலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டுமே வேண்டும்.

கொல்லைப்புற ரோஜாச் செடியின் இலை ஓரங்கள் அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தன. மாமியார் மருந்தடிக்கச் சொன்னார். “புழு இல்லை அத்தை, தேனீ” என்றேன். அவர் நம்பவில்லை. இலைவெட்டித் தேனீ இலையைத் தின்பதில்லை. முட்டையிடும் அறையின் சுவருக்கு நீள்வட்டத் துண்டுகள், மூடிக்கு வட்டத் துண்டுகள் என்று பிரித்து வெட்டுகிறது. உள்ளே குஞ்சுக்கு மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உணவு. ஒரு துண்டை வெட்டச் சில விநாடிகள் போதும். அளவுநாடா கிடையாது, சுண்ணக்கட்டி கிடையாது. எனக்குப் பொறாமைதான்.

துண்டைக் கால்களில் இடுக்கிக்கொண்டு அது கதவுச் சட்டத்தின் பழைய தாழ்ப்பாள் துளைக்குள் புகுந்தது. துளையை அடைக்க வந்த தச்சரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன். அத்தைக்கு இன்னும் கோபம்.