ஈஸ்டருக்குக் கூப்பிட்டா சனிக்கிழமையே போயிடுங்க

எங்க கேங்குக்கு ஈஸ்டர்னா ஞாயித்துக்கிழமை மதியம் கிறிஸ்டியன் ஃப்ரெண்டு எவனாவது வீட்ல பிரியாணி, அவ்ளோதான் தெரியும். 2025-ல காமநாயக்கன்பட்டிக்காரன் ஒருத்தன் ஃபோன்லயே கறாரா சொல்லிட்டான், "திங்க மட்டும் வர்றதா இருந்தா வராதீங்கடா, சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள வந்து சேருங்க"ன்னு. சரின்னு கோவில்பட்டில இறங்கி டவுன் பஸ் புடிச்சோம், ரெண்டு பக்கமும் வெடிச்சுக் கெடக்குற கரிசக்காடு, ஏப்ரல் வெயில், ஜன்னல் கம்பியத் தொட முடியல.

சின்ன ஊருதான், ஆனா பேரு பெருசு. பரலோக மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 15 திருவிழால கூட்டம் அள்ளும். வீரமாமுனிவர் இத்தாலில இருந்து வந்த புதுசுல இங்கதான் இருந்திருக்கார். இதெல்லாம் ஃப்ரெண்டோட அப்பா திண்ணைல உக்காந்து சொன்னது. அவனோட ஆச்சி எங்களுக்குக் காபி குடுத்துட்டு அவங்க தண்ணி மட்டும் குடிச்சாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் நாப்பது நாளும் சுத்தபோசனம், கறி மீன் எதுவும் கிடையாது, பெரிய வெள்ளிக்கு, அதான் குட் ஃப்ரைடேக்கு, ஒருசந்தி வேற, ஒரு வேளைச் சாப்பாடுதான். "உடம்புக்கு ஒண்ணும் பண்ணலையா ஆச்சி"ன்னு கேட்டா, "நாளைக்கு கறி இருக்குல்லய்யா, அதுக்கே தெம்பு வந்துரும்"ங்கறாங்க!

பெரிய வியாழன் பூசைல அடிச்சதோட கோயில் மணிய நிப்பாட்டிருவாங்களாம், அப்புறம் மரக்கட்டை சத்தம்தான். அதனால சனிக்கிழமை அந்த ஊர்ல ஏதோ ஒண்ணு குறையிற மாதிரியே இருந்துச்சு.

ராத்திரி பூசைக்குப் போனா கோயில்ல ஒரு லைட்டு கூட இல்ல. வாசல்ல விறகடுக்கி நெருப்பு மூட்டியிருக்காங்க. சாமியார் ஒரு பெரிய மெழுகுதிரில சிலுவை கீறி, மேல ஆல்பா, கீழ ஒமேகான்னு கிரேக்கத்தோட மொத எழுத்தும் கடைசி எழுத்தும், நாலு மூலைலயும் 2, 0, 2, 5ன்னு வருஷத்தக் கீறி, இயேசுவோட அஞ்சு காயத்துக்கு அஞ்சு சாம்பிராணி மணி பதிச்சு, அந்த நெருப்புலயே பத்த வச்சார். அதத் தூக்கிட்டு இருட்டுக்குள்ள போறாங்க, மூணு எடத்துல நின்னு "கிறிஸ்துவின் ஒளி"ன்னு பாடறாங்க, ஒவ்வொரு தடவையும் சுதி ஏறுது. அந்த ஒரு திரில இருந்து எல்லார் கை திரிக்கும் நெருப்பு வருது. பக்கத்து ஆள்ட்ட நெருப்பு வாங்கறதுலயும் ஒரு முறை இருக்கு, ஆச்சி சொல்லிக்குடுத்தாங்க, "எரியறத சாய்க்காதய்யா, மெழுகு எம்மேல ஊத்தும், பத்தாத திரியத்தான் சாய்க்கணும்."

அடுத்து வாசகங்கள். உலகம் படைச்சதுல ஆரம்பிச்சு, ஆபிரகாம், செங்கடல்னு பழைய ஏற்பாட்டுலயே ஏழு வரைக்கும் இருக்கு, உண்மையச் சொன்னா கொஞ்சம் நீளம்தான், சின்னப்பிள்ளைக எல்லாம் அம்மா மடில தூங்கிருச்சுக. ஆனா தூங்கிராதீங்க, ஏன்னா அடுத்து "உன்னதங்களிலே" பாட்டு ஆரம்பிக்கும்போது அத்தன லைட்டும் ஒண்ணா எரியுது, திரைய இழுத்தா உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கைல கொடியோட நிக்குது, ரெண்டு நாளா வாயத் தொறக்காத மணி விடாம அடிக்குது, வெளிய சரவெடி, தூங்குன பிள்ளைக அலறிட்டு எந்திரிக்குதுக, எனக்கு முடியெல்லாம் சிலுத்துக்கிச்சு. இத விட்டுட்டு இத்தன வருஷம் பிரியாணிய மட்டும் தின்னுட்டு வந்திருக்கோம்னு பக்கத்துல இருந்தவன் காதுல சொன்னேன், அவனுக்குக் கேக்கவே இல்ல.

பூசை முடிஞ்சு ஊரே முழிச்சுக் கெடக்கு. பார்க்கறவங்க எல்லாரும் கை குலுக்கி வாழ்த்து சொல்றாங்க, எங்கள யாருன்னே தெரியாதவங்க கூட. தெருமுக்குல பத்துப் பதினஞ்சு வீடு சேந்து வாங்குன கிடா, விடியுமுன்னயே உரிச்சு பனையோலைல கூறு போட்டாச்சு. ஒவ்வொரு கூறுலயும் ஈரல்ல ஒரு துண்டு, எலும்புல ரெண்டு, கொழுப்புல கொஞ்சம், தராசே கிடையாது, ஆனா யாரும் மொறைக்கல. காலைல சூடா இட்லியும் கறிக்குழம்பும். சாக்லேட் முட்டை, முயல் பொம்மையெல்லாம் சிட்டி சமாச்சாரம், இங்க யாருக்கும் அது தேவைப்படல. ஆச்சி மொத வாய் எடுத்து வச்சத நாங்க எல்லாரும் வேடிக்கை பாத்தோம், "என்னல பாக்குறீய"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க.

மறுநாள் மதியம் கெளம்பற நேரத்துல ஃபோன்ல நியூஸ், போப் பிரான்சிஸ் காலமாயிட்டார்னு. முந்தின நாள்தான் ரோம்ல பால்கனிக்கு வந்து ஆசீர் குடுத்தவர், 88 வயசு. ஆச்சி சிலுவை போட்டுட்டு, "பாஸ்காவ முடிச்சிட்டுல்ல போயிருக்காரு மனுசன்"னாங்க, பாஸ்கான்னா ஈஸ்டர்தான். ஃப்ரெண்டோட அப்பா சட்டைய மாட்டிக்கிட்டு கோயிலுக்குப் போனார், நாங்க கோவில்பட்டி பஸ்ஸ்டாண்டுல கடலைமிட்டாய் வாங்கிட்டு ஊர் திரும்பினோம்.

2027-ல ஈஸ்டர் மார்ச் 28-ல வருது, வெயில் கொஞ்சம் கம்மியா இருக்கும். அடுத்த செட்டு அப்பத்தான் வர்றோம்னு இப்பவே சொல்லி வச்சாச்சு.